ஒற்றைப் புருவம்

நூலின் ஒரு முனை ஷீலா அக்காவின் பல்லில் இருந்தது. மிச்ச நூல் அவளுடைய இரண்டு கை விரல்களிலும் ஏறி முறுக்கிக்கொண்டு நின்றது. அது இப்போது தன் புருவத்தில் இறங்கப் போகிறது என்று நினைத்ததும், பேச்சிப்ரியாவுக்கு நெஞ்சு அடித்த அடியில் சுழல் நாற்காலியே லேசாக ஆடியது. "கண்ணை மூடிக்கோ மக்ளே. ஒரு கையால நெத்தியை மேல இழு, இந்தக் கையால இமையைக் கீழ இழு. ஆங், விட்டுராத" என்று நூலைக் கடித்தபடியே சொன்னதில் வார்த்தைகள் பாதி நசுங்கி வந்தன, ஆனாலும் அந்த மக்ளே மட்டும் நசுங்காமல் முழுசாக வந்து விழுந்தது. மக்ளே. இந்தத் தேரடி வீதியில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இந்த அக்கா நாகர்கோவில்காரி, வீட்டுக்காரருக்கு மின்சார வாரியத்தில் மாற்றல் ஆகி இங்கே வந்தவள், அந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், எல்லோரையுமா, எல்லோரையும்தானா, சரி, அதை இப்போது ஆராயாதே, கண்ணை மூடு. மூடினாள். பவுடர் வாசனை வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்தது. பின்னால் சோபாவில் காத்திருந்த அம்மாள் பத்திரிகைத் தாளைப் புரட்டுவது கேட்டது. செருப்பை வாசலில் விட்டாயிற்று, உள்ளே வந்தாயிற்று, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாயிற்று, கழுத்தைச் சுற்றித் துணி கட்டியாயிற்று, இன்னும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நீ எந்தத் தெரு? அவ்வளவுதான் கேள்வி. வெளியூர்க்காரன் கேட்டால் ஏதோ முகவரி விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான், வேலங்குறிச்சியில் பிறந்த கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும் அது தெருவைக் கேட்கிற கேள்வி இல்லை என்று. ரயில்வே கேட்டுக்குத் தெற்கே நாலு தேர் வீதி, பஜார், கோயில், வங்கி, பள்ளிக்கூடம். வடக்கே புதுக்காலனி. பேரில்தான் புதுசு, அப்பா பிறப்பதற்கு முன்னாலிருந்தே அது புதுக்காலனிதான், எத்தனை தலைமுறை போனாலும் பழசாகாத ஒரே இடம் இந்த உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். ஆக, தெருவைச் சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம், வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் கேட்பார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும் கேட்பார்கள், சிரித்துக்கொண்டே கேட்பார்கள், பாத்த முகமா இருக்கே, எந்தத் தெரு. இந்த அழகு நிலையத்தில் நாற்காலியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள் என்று கூடப் படிக்கிற அபிநயா சொல்லியிருந்தாள். காலனிப் பெண்கள் புருவம் எடுக்கத் தென்காசிக்குப் பஸ் ஏறிப் போவதும் அதனால்தான். பேச்சிப்ரியா பதிலைத் தயாரித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். போஸ்டாபீஸ் தெரு. அங்கே வாடகைக்கு வருகிறவர்களும் மாற்றலாகி வருகிறவர்களும் கலந்து கிடப்பார்கள், யாரும் நோண்ட மாட்டார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், போஸ்டாபீஸ் தெரு, போஸ்டாபீஸ் தெரு, கடைசியில் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே கூட்டம், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விழா என்பதால் காலையிலிருந்து ஒரே பெண்பிள்ளைகள், அந்த நெருக்கடியில் ஷீலா அக்கா கேட்க மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள்! கூட்டமும் கரைந்துவிட்டது. சோபாவில் அந்த அம்மாள் மட்டும்தான் பாக்கி. தயாரித்த பொய் நாக்கின் அடியில் கரையாத மாத்திரையாக அப்படியே கிடந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காதே, புருவம் போய்விடும்.

சுர்ரென்று இறங்கியது நூல். அம்மாடி! கண்ணில் தண்ணீர் குபுக்கென்று முட்டிக்கொண்டு வந்தது, மூக்கு நமநமத்தது, தும்மல் வரும் போல இருந்தது, வரவில்லை. "மொதல் தடவையா மக்ளே? இன்னும் கொஞ்சம்தான், பொறுத்துக்கோ." பொறுத்துக்கொள்ளத்தானே வந்திருக்கிறாள். நாளைக்கு இந்நேரம் அவள் மேடையில் நிற்பாள். பிரிவு உபசார விழாவைத் தொகுத்து வழங்குவது பன்னிரண்டாம் வகுப்பு ச.பேச்சிப்ரியா, பொற்செல்வி டீச்சர் அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதிப் போட்டார்கள், மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் இருப்பார்கள், தாய் தகப்பன்மார் இருப்பார்கள், அத்தனை பேருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து, அவையோர் அனைவருக்கும் இனிய மாலை வணக்கம் என்று ஆரம்பிக்க வேண்டும், இனிய என்பதில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். மைக் என்றால் அவளுக்குப் பைத்தியம். முதல் தடவை தன் குரல் பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததைக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது, கேட்டை மூடி வைத்தாலும் குரல் நிற்காது போலிருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தாள். ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எவளோ சொன்னாள், குரல் என்னவோ ரேடியோ மாதிரிதான் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு கேக்கணும். நாலைந்து பேர் சிரித்தார்கள். எவள் சொன்னாள்? குரலை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியாதா அவளுக்கு, தெரியும், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கண்ணை மூடிக்கிட்டு கேக்கணும். அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் வந்து முன்னால் நின்றுவிடுகிறது. நிறத்தை என்ன செய்வது, ஒன்றும் செய்ய வேண்டாம், அது அப்பா நிறம், கோட்டயத்தில் வெயிலில் நின்று கான்கிரீட் போடுகிற அப்பாவின் அசல் நிறம், அதைத் தொட விட மாட்டாள். புருவம் மட்டும். கண்ணை மூடாமல் பார்க்கட்டும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும்.

நூல் திரும்பவும் வந்தது, சர்க், சர்க், ஷீலா அக்காவின் மூச்சு கன்னத்தில் பட்டது, ஏலக்காய் டீ குடித்திருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில், தேரடி வீதிக்கு உள்ளே, ஒரு முகம் தன் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அந்தப் பல்லில் கடித்த நூல் இந்தத் தோலில் ஊர்ந்து திரும்பவும் அந்தப் பல்லுக்குப் போகிறது, எச்சில் என்று ஒன்று உண்டே, தண்ணீரைத் தூக்கி ஊற்றுவார்கள், டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள், இங்கே என்னடா என்றால் ஒரு முழ நூலில் இரண்டு பேரும் கட்டிக் கிடக்கிறோம். கேட்டிருந்தால் கட்டியிருப்பாளா? கேட்காததால்தானே. அம்மாவுக்கும் நூல்தான் பிழைப்பு. காலையில் உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் பீடி சுற்றுவாள், இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, தலையை மடக்கி, நூலை ஒரு சுற்று சுற்றிச் சுண்டி எடுப்பாள், கண்ணால் பார்க்கவே முடியாது, அப்படி ஒரு வேகம். அந்தப் பீடியை இந்த நாலு வீதியிலும் எத்தனை பெரியவர்கள் சாப்பிட்டு முடித்ததும் உதட்டில் வைக்கிறார்கள். ஒருத்தராவது கேட்டிருப்பாரா, இதைச் சுற்றியது எந்தத் தெரு என்று? அம்மாவின் விரல் பட்ட இலை நேராக வாய்க்குள்ளே போகிறது, உறிஞ்சுகிறார்கள், கண் சொக்கிப் போகிறார்கள், அப்போதெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. பேச்சிப்ரியாவுக்குத் திடீரென்று அப்படி ஒரு சந்தோஷம், யாருக்கும் தெரியாத ஒரு பெரிய திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி, அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன? அவையோர் அனைவருக்கும், என்று ஆரம்பித்து, நடுவில். சேச்சே, டீச்சர் அழுதுவிடுவார்கள். இமையைப் பிடித்திருந்த விரல் வியர்த்து வழுக்கியது, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு முடிஞ்சுது, பாரு" என்று ஷீலா அக்கா நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். பார்த்தாள். இடது புருவம் சிவந்து, சுற்றிலும் தோல் பளபளத்து, நடுவில் சற்றே மேலே ஏறி, ஓரத்தில் மெலிந்து கூர்மையாக இறங்கியிருந்தது. அது யாருடைய கண்? அவளுடைய கண்தான், ஆனால் இத்தனை நாளும் அது புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. வலது பக்கம் பழைய பேச்சி, வீட்டுப் பேச்சி, கிணற்றடிப் பேச்சி, இடது பக்கம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற ஒருத்தி. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "பிடிச்சிருக்கா மக்ளே? நல்ல அடர்த்தியான புருவம் உனக்கு, வாற பிள்ளைகள்ல இப்படி ஒரு புருவம் நான் பாக்கவே இல்ல. பொறந்ததுல இருந்து எண்ணெய் தேச்சு வச்சிருக்காங்க உங்க வீட்டுல." உங்க வீட்டுல. அம்மா விளக்கெண்ணெய் தடவியது இங்கே வரைக்கும் தெரிகிறதா, அம்மா, உன்னை இங்கே பாராட்டுகிறார்கள். ஷீலா அக்கா புது நூல் இழுத்துப் பல்லில் கடித்தாள். வலது பக்கம் பவுடர் போட்டாள். பேச்சிப்ரியா கையைத் தூக்கி நெற்றியைப் பிடிக்கப் போனாள்.

"எந்தத் தெரு நீ? பாத்த முகமாவே இருக்கே."

சோபாவிலிருந்து. கண்ணாடியில் பார்த்தாள், பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு, அதுதான் சங்கடம். "கோமதியக்கா இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரங்க" என்று ஷீலா நூலைக் கடித்தபடி அறிமுகம் வேறு செய்து வைத்தாள். நாக்கின் அடியில் மாத்திரை இருந்தது. போஸ்டாபீஸ் தெரு. சொல்லு. சொல்லிவிட்டால் இன்னும் ரெண்டு நிமிஷம், வலது பக்கமும் முடிந்துவிடும், கண்ணாடியில் இரண்டு கண்ணும் புதுசாகிவிடும், நாளைக்கு மேடை, மைக், மயில்கழுத்து நிறப் புடவை, யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. சொல்லு, போஸ்டாபீஸ். ஆனால் இந்த இடது கண் இப்படிப் பார்க்கிறதே. விளக்கெண்ணெய் தடவியது யார், போஸ்டாபீஸ் தெருவிலா தடவினார்கள்? இப்போது பொய் சொன்னால் அந்தப் பாராட்டும் போஸ்டாபீஸ் தெருவுக்குப் போய்விடும், அம்மாவுக்கு வந்து சேராது. என்ன மடத்தனம், ஒரு பாராட்டுக்காகவா, ஒரு புருவத்துக்காகவா, வாயை மூடு, சொல்லாதே, சொல்லு, காது இரண்டும் ஜிவ்வென்று சுட்டன, பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது, அந்தப் பயத்துக்குள்ளேயே கிணற்றில் குதிப்பதற்கு முந்தின நொடியில் வருகிற அந்தக் கிளுகிளுப்பும் இருந்தது.

"புதுக்காலனி" என்றாள் பேச்சிப்ரியா. மைக்கில் சொல்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக வந்துவிட்டது.

மின்விசிறி கடகடத்தது. சத்தம் போடுவார்கள், இறங்குடி என்பார்கள் என்றுதான் அவள் எத்தனையோ தடவை கற்பனை செய்து வைத்திருந்தாள், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஷீலா மட்டும் நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். எடுத்து, விரலில் இருந்ததையும் அவிழ்த்து, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தெரிந்து துடைத்தாளா தெரியாமல் துடைத்தாளா? தெரியாமல்தான் இருக்கும். தெரிந்தேதான். "நான் ஒண்ணும் சொல்லல தாயி" என்றாள் கோமதியம்மாள், முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது, "எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. கடைக்கு வந்து போற பொம்பளைங்க ஒரு மாதிரி நெனப்பாங்கல்லா. வாடகைக்கு விடும்போதே ஷீலாகிட்ட சொல்லியிருந்தேன், மொதல்லயே கேட்டுக்கோன்னு. மறந்துட்டா போலுக்கு." பாவம், மறந்தவள் மேல்தான் குற்றம். ஷீலா கண்ணாடியைப் பார்க்கவில்லை, நாற்காலியின் கைப்பிடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள், பேச்சிப்ரியாவின் கை அதன் மேல்தான் இருந்தது, கையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். "நூல் தீந்துட்டு" என்றாள். மேஜை மேல் புது நூல்கண்டு குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தது. அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

பிறகு ஷீலா கழுத்துத் துணியை அவிழ்க்கிற சாக்கில் குனிந்து காதோடு சொன்னாள். "ஏழு மணிக்கு மேல பின்வாசல் வழியா வா. அவங்க இருக்க மாட்டாங்க. மத்ததை எடுத்து விடுதேன், காசு கூட வேண்டாம். நாளைக்கு விழாவாமே, இப்படியே எப்படிப் போவ?" அதில் மக்ளே இல்லை, ஆனால் கருணை இருந்தது, நிஜமான கருணை, குரல் கூட லேசாக உடைந்தது. இப்படியே எப்படிப் போவது? ஒரு பக்கம் புதர், ஒரு பக்கம் வில், மேடையில், கல்வி அதிகாரிக்கு முன்னால், அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஏழு மணி. இருட்டிவிடும். பின்வாசல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், சாக்கடை ஓடுகிற சந்து, ரெண்டே நிமிஷம், யாருக்கும் தெரியாது, தெரியாது என்பதுதான் இவர்களுக்கும் வேண்டும், அவளுக்கும் வேண்டும், எல்லோருக்கும் சௌகரியம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தே விட்டாள். திறந்தபோது கண்ணாடி தெரிந்தது. அந்த இடது கண். பின்வாசல் வழியாகப் போய் வலது பக்கத்தையும் இதே மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தால் நாளைக்கு எல்லோரும் பார்ப்பார்கள், அழகாய் இருக்கிறாய் என்பார்கள், எங்கே எடுத்தாய் என்று கேட்பார்கள், கடையின் பேரைச் சொல்வாள், நல்ல கடை என்பார்கள், அவ்வளவுதான், நடந்தது அழிந்துபோகும், நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், அதை அழித்துக் கொடுக்கிறவளும் அவளாகவே இருப்பாள். இப்படியே போனால்?

இப்படியே போனால். அழியாது, முகத்திலேயே நிற்கும். "வேண்டாம்க்கா, இப்படியே இருக்கட்டும்" என்றாள். "என்னது?" என்றாள் ஷீலா. "இப்படியே இருக்கட்டும்." நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள், கையில் மடித்து வைத்திருந்த ரூபாயை நூல்கண்டின் பக்கத்தில் வைத்தாள், "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு, வீட்டுக்குப் போற வரைக்கும் துப்பட்டாவைப் போட்டாவது மூடிக்கோ" என்று கோமதியம்மாள் முதல் தடவையாகச் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த முகத்தைப் பார்த்து ஊர் என்ன கேட்கும் என்று ஷீலாவுக்குப் புரிவதற்கு முன்னாலேயே கோமதியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சிப்ரியா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள், வார் நுழைய மாட்டேன் என்றது, அழுகை வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை, வேறு ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது, ஓட வேண்டும் போல இருந்தது, கத்த வேண்டும் போல இருந்தது.

சந்து வழியாகப் போனால் நேராக ரயில்வே கேட். போகவில்லை. தேரடி வீதியோடு நடந்தாள், வீதியின் நடுவே, மஞ்சள் வெயில் முகத்தில் விழுந்தது, புதிதாகத் திறந்த தோலில் காற்றுப் பட்டுச் சுரீரென்றது. ஜவுளிக்கடைப் பையன் பார்த்தான், திரும்பிப் பார்த்தான். ஸ்கூட்டியில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்தார்கள். கூந்தலை முன்னால் இழுத்து மறைத்துக்கொள்ளக் கை தானாக மேலே போயிற்று, பாதியில் நிறுத்தினாள், போ, கீழே போ. யாராவது கேட்டால் என்ன சொல்வது? கேட்கக் கூடாது, யாரும் கேட்கக் கூடாது, பிள்ளையாரே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு வேண்டாம். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அம்மாள் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். அவளைச் சுற்றிப் பூ வாங்க நாலைந்து பெண்கள் நின்றார்கள்.

"இதென்ன தாயி கூத்து, ஒரு பக்கம் மட்டும் எடுத்துட்டு வாரே?" என்று பூக்காரம்மாள் சிரித்தாள். பெண்கள் திரும்பினார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

பேச்சிப்ரியா நின்றாள். சொல்ல வேண்டியது எதையும் தயாரித்து வைத்திருக்கவில்லை. "இடது பக்கம் எடுக்கும்போது அவங்களுக்கு நான் எந்தத் தெருன்னு தெரியாது" என்றாள். "வலது பக்கத்துக்கு வரும்போது கேட்டாங்க. புதுக்காலனின்னு சொன்னேன். நிறுத்திட்டாங்க."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு பெண் சட்டென்று பூவைப் பார்த்தாள். இன்னொருத்தி வீதிக்கு அந்தப் பக்கம் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கோமதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு பேருடைய கண்ணும் சந்தித்திருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் இருந்த உருவம் நகர்ந்துவிட்டது. பூக்காரம்மாளின் விரலில் நூல் பாதிச் சுற்றில் நின்றது. "யாரு, அங்கேயா?" என்றாள் மெதுவாக. "அங்கேதான்" என்றாள் பேச்சிப்ரியா. அவளைத் தவிர அத்தனை பேருக்கும் முகத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று. அவளுக்கு மட்டும் முகம் லேசாக இருந்தது. இவ்வளவுதானா, சொல்வது இவ்வளவுதானா! பொய்யை விட எவ்வளவு சின்னதாக இருக்கிறது! அவள் திரும்பி நடந்தாள், நடை தானாக வேகமாயிற்று, ரயில்வே கேட் திறந்து கிடந்தது, நாளைக்கு அந்த அரங்கத்தில் எத்தனை பேர், முதல் வரிசையில் கல்வி அதிகாரி, அவருக்குப் பின்னால் டீச்சர்கள், அவர்களுக்குப் பின்னால் நாலு வீதித் தாய்மாரும், திரைக்குப் பின்னால் சிரிக்கிறவளும், எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்துத்தான் ஆக வேண்டும், யாராவது ஒருத்தராவது ஏன் இப்படி என்று வாயைத் திறந்து கேட்டுத்தானே தீர வேண்டும். கேட்காமலே இருந்துவிடுவார்களோ என்று மட்டும்தான் இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.